ஈடிஏ அக்கா

"சார், லாரிய இப்பவே அனுப்பாதீங்க. நாளைக்குன்னு போட்டிருக்கறது ஈடிஏ. கப்பல் வரலாம்னு கம்பெனிக்காரங்க நினைக்கற தேதி, அவ்வளவுதான். வந்துட்டா நானே கூப்பிடறேன்."

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அடுத்த கன்டெய்னரின் எண்ணைத் தட்டுகிறாள். கப்பல்களில் சரக்குக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் அந்த முதல் மாடி அலுவலகத்தில், 'என் பெட்டி எங்கே' என்று கேட்கிற அத்தனை பேரும் கடைசியில் இவளிடம்தான் வந்தாக வேண்டும். அலுவலகத்தில் இவளுக்குப் பெயர் ஈடிஏ அக்கா.

கறாரானவள். 'வருது' என்று வாய் தவறியும் சொல்ல மாட்டாள். வந்தால் 'வந்தாச்சு', வராதவரை 'ஈடிஏ'. கப்பலில் இடமில்லை என்று பெட்டியைக் கரையிலேயே விட்டுவிட்டு, அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவது இந்தத் தொழிலில் சகஜம். 'ரோல் ஆயிடுச்சு' என்பார்கள். ஆரம்ப காலத்தில் இவள் பேச்சை நம்பி லாரியை அனுப்பியவர்கள், அது துறைமுக வாசலில் காய்ந்து கிடந்ததற்கு இவளைத்தான் பிடித்துக் காய்ச்சினார்கள். அதில் வந்த கறார் இது.

அது அலுவலகத்தோடு நின்றிருந்தால் தேவலை. வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. நாளைக்கு வருகிறேன் என்று பிளம்பர் சொன்னால்கூட "ஈடிஏவா?" என்பாள். ஓர் அறை, ஒரு சமையலறை. இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் இவள் உட்காருவாள், இன்னொன்றில் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருக்கும். கல்யாணம் கூடி வரவில்லை. அம்மாவும் போனபிறகு, உறவென்று சொல்லிக்கொள்ள வெளியூரில் ஒரு தம்பி. வருகிறேன் வருகிறேன் என்பான், கடைசி நேரத்தில் ஏதாவது வந்து தடுத்துவிடும். முன்பெல்லாம் தலையணையை வெயிலில் போட்டு, வகைவகையாகச் சமைத்து, தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்தான் இவள். இன்னொருவருக்கென்று ஆக்கியதைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது கொடுமை. மெல்ல மெல்ல விட்டுவிட்டாள். "என் தம்பியும் ரோல் ஆயிடுவான்" என்று அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

போன மாதம், ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். "வாப்பா. வந்தா பாத்துக்கலாம்" என்றாள்.

வந்துவிட்டான்.

கதவைத் திறந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டில் நிறையத் துவைக்காத துணி. நாற்காலியில் செய்தித்தாள். வாங்கியிருந்த ஒரே ஒரு பால் பாக்கெட்டும் காலையிலேயே காலி.

அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை வீட்டைச் சுற்றிப் பார்த்தது. "அத்தை, நாங்க வர்றது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்டா கண்ணு."

அதற்குமேல் என்ன சொல்வாள், கப்பல் கதையையா? தம்பியின் முகம் சின்னதாகிவிட்டது. "பரவால்லக்கா, சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம்" என்றான். அவள் கடைக்கு ஓடிப் பாலோடு திரும்பியபோது குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். அவசர வேலையாம். அவர்கள் போனபிறகு அந்தப் பாலை அவள் காய்ச்சவே இல்லை. துணிக்குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அதன்பிறகு அவனிடமிருந்து பேச்சே இல்லை. இவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. இனி வரவே மாட்டானோ என்று பயந்துபோயிருந்தாள். இன்று மதியம் அவனே கூப்பிட்டான்.

"முடிஞ்சா அடுத்த மாசம் வரப் பாக்கறேன்க்கா."

எந்தத் தேதி என்று அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் நின்றாள். தினமும் போல ஒரு பால் பாக்கெட்டை எடுத்து நீட்டினார் கடைக்காரர்.

"ரெண்டாக் குடுங்க."

"யாராவது வராங்களாம்மா?"

"தம்பி வரான்."

"எப்ப?"

அவள் பையின் வாயை நன்றாக விரித்துப் பிடித்தாள்.