கருவாட்டுத் தூளில் இருந்த உப்பு

பாகற்காயை வட்டமாக நறுக்கி உப்புப் பிசறி வைத்திருந்தாள் மனைவி. பத்து நிமிடத்தில் தட்டு முழுக்கத் தண்ணீர். கசப்பு இறங்குகிறதாம். அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். காரணம் சொன்னால், பாகற்காய்க்குப் பயந்து கதை விடுகிறேன் என்பாள். அதுவும் பாதி நிஜம்தான்.

கல்லூரியில் விலங்கியல் படித்தவன் நான். உப்பு அதிகமாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் செல்லின் சவ்வைத் தாண்டிப் போகும் என்று படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவன். அந்தத் திமிரோடுதான் நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது.

தீவனம் கலப்பவர் பழனி. வாழப்பாடிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மக்காச்சோளமும் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் சேர்ந்த வாடை அவர் தலைமுடியிலேயே இருக்கும். எந்த லோடு கருவாடு வந்தாலும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார். எனக்கு அது அருவருப்பு.

ஒரு நாள் அப்படித் துப்பிவிட்டு, "சார், இந்த லோடு உப்பாக் கரிக்குது. தனியா உப்பு போட வேணாம்" என்றார்.

"பார்முலாவுல இருக்கறதப் போடுங்க. நாக்குல லேப் வெச்சிருக்கீங்களா?"

லாரியோடு வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் உப்பைக் கொட்டினார்.

அந்தத் தீவனம் போட்ட மறுநாள் மோட்டார் பழுது. காலை முழுக்கத் தண்ணீர் இல்லை. மதியம் சரியானதும் வால்வை நான்தான் முழுக்கத் திறந்துவிட்டேன். கோழிகள் வெறி பிடித்த மாதிரி குடித்தன. கொஞ்ச நேரத்தில் கழுத்து முறுக்கி, கால்களை உதைத்து, கூண்டுக் கம்பியில் மண்டையை மோதி மோதி விழுந்தன. ஷெட் முழுக்க அந்தச் சத்தம்தான்.

கால்நடை டாக்டர் செத்த கோழி ஒன்றைக் கத்தரியால் கிழித்துப் பார்த்தார். "தீவனத்துல உப்பு ஜாஸ்தி. மூளை வரைக்கும் ஏறியிருக்கு. ஒரேயடியா இவ்வளவு தண்ணி குடிக்கவும் அது செல்லுக்குள்ள பாஞ்சு மூளை வீங்கிருச்சு."

பரீட்சையில் நான் எழுதிய அதே விடை.

முதலாளி ஒரு பிளாஸ்டிக் குழாயை உருவிக்கொண்டு வந்தார். "உப்பப் போட்டவன் எவன்டா?" முதல் அடியிலேயே பழனியின் காது கிழிந்தது.

"சாரைக் கேளுங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்!"

முதலாளி என் பக்கம் திரும்பினார். குரலே மாறிவிட்டது. "நீ சொல்லு சாமி. அப்பிடிச் சொன்னானா?"

"இல்லீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு விழுந்த அடிக்குக் கணக்கில்லை. தடுக்கத் தூக்கிய கையின் மணிக்கட்டு முறிந்தது எனக்குக் கேட்டது. அடிக்கிற முதலாளியைப் பழனி பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கோழை. இத்தனை வருடம் தேடியும் இதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

இப்போது கலவையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. தீவனத்தை யாரும் வாயில் வைப்பதில்லை. அந்தப் பண்ணையை இடித்து வீட்டுமனை போட்டுவிட்டார்கள். முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருடம் ஒருவழியாகத் துணிந்து, வாழப்பாடியில் விசாரித்துப் பழனியின் வீட்டுக்குப் போனேன். அவர் இறந்து நான்கு வருடமாகியிருந்தது. மகள்தான் இருந்தாள். கூட வேலை பார்த்தவன் என்றதும் உட்கார வைத்துக் காபி கொடுத்தாள்.

"அப்பா உப்ப அள்ளிக் கொட்டி அத்தனை கோழியயும் கொன்னுட்டாராமே? ஊருல இன்னும் சொல்றாங்க. 'நான் இல்ல'ன்னுதான் அப்பா கடைசி வரைக்கும் சொன்னாரு சார். யாரும் நம்பல. நெசமா என்ன நடந்துச்சு?"

"அதெல்லாம் பழைய கதைம்மா" என்றேன்.