செல்ப் எடுக்காத கல்யாண லாரி

சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்புகிற வரைக்கும், செல்ப் மெக்கானிக் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. வெறும் ‘டக்’ என்று கேட்ட மறுநிமிஷம், அவன் சாப்பிட்டானா தூங்கினானா என்றுகூடக் கேட்காமல் போன் அடிப்பார்கள். அந்த ‘டக்’கைக் கேட்டு நடுரோட்டில் வியர்த்து நின்ற அத்தனை பேருக்கும் வணக்கம். நாமெல்லாம் ஒரே கட்சி.

திருமுல்லைவாயிலில் என் பட்டறை. போன வருஷம் என் உயிரை வாங்கியது திருமழிசை தணிகாசலத்தின் லாரி. அந்தக் காலத்து மூக்கு நீண்ட லாரி. காயலான் கடையில் கிடந்ததை வாங்கி, இழைத்து இழைத்துப் புதுசாக்கியிருந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளை அழைப்பு இந்த லாரியில்தான் என்று வாயை விட்டுவிட்டார். ஆவடிக்காரரான சம்பந்திக்கோ திறந்த காரில்தான் ஆசை. “என் லாரி கெளம்பலன்னா எல்லார் முன்னாடியும் உங்க கால்ல வுழறேன்” என்று தணிகாசலம் சபையிலேயே சபதம் போட்டார். சபதம் அவருடையது. அதைக் காப்பாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது.

பெயிண்ட் பாசம்

முதல் நாள் போனபோது எல்லாம் புதுசு. பேட்டரி புதுசு, செல்ப் மோட்டார் புதுசு. சாவியைத் திருப்பினால் ‘டக்’. குனிந்து பார்த்தேன். சேஸிஸ், என்ஜின், நட்டு, போல்ட் எதையும் விடாமல் தணிகாசலம் பெயிண்ட் அடித்திருந்தார். பேட்டரியின் எர்த் ஒயரை அந்தப் பெயிண்ட் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார். கரண்ட் செல்ப்பைச் சுற்றிவிட்டு வண்டியின் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். நடுவில் பெயிண்ட் இருந்தால் அது எந்த வழியாக வரும்?

உப்புத்தாளை எடுத்ததும் மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளைக்கு ஊசி போட வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கெஞ்சிக் கூத்தாடி, ஒரு ரூபாய் காசு அளவுக்குச் சுரண்டி, ஒயரை மாட்டினேன். செல்ப் ஒரே இழுப்பில் எடுத்தது. லாரி உறுமுகிறது, தெருவே எட்டிப் பார்க்கிறது. தணிகாசலத்தின் கண் மட்டும் நான் சுரண்டிய இடத்திலேயே இருந்தது.

“வண்டி கெளம்புனது கெடக்கட்டும் நைனா, மொதல்ல அந்த எடத்துக்குப் பெயிண்ட் அட்சிட்டுப் போ!”

வெள்ளிக்கிழமை வைத்தியம்

அடுத்த வாரமே மறுபடி ‘டக்’. இந்த முறை பானெட்டைத் திறந்ததும் சந்தன வாசனை கமகமவென்று வந்தது. வெள்ளிக்கிழமை பூஜை. தணிகாசலம் வண்டியைக் குளிப்பாட்டும்போது பேட்டரி ஒயர்களையும் கழற்றித் துடைத்திருக்கிறார். அவர் சம்சாரம் அலமேலு அக்கா, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் கெட்டியாகச் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்திருக்கிறார். இவர் பக்தியோடு அதன் மேலேயே ஒயரை மாட்டி முறுக்கிவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, இவர்கள் பேட்டரிக்கு அலங்காரம் செய்துகொண்டிருக்கிறார்கள். “அக்கா, சாமிக்கு வைங்க, ஸ்டியரிங்குக்கு வைங்க, பேட்டரிக்குப் பொட்டு வெச்சா வண்டி எப்படிக் கெளம்பும்?” என்று கேட்டேன். அக்கா அசரவே இல்லை.

“போன வாரமும் ‘டக்’குனுதான நின்னுச்சு? அது யார் வெச்ச பொட்டுப்பா?”

வந்தவர்களுக்கெல்லாம் ஒரு உறுமல்

கல்யாண வீடு என்றால் ஆள் வந்துகொண்டேதான் இருக்கும். வருகிறவர்களுக்கு மற்ற வீட்டில் காபி கொடுப்பார்கள். தணிகாசலம் லாரியை ஸ்டார்ட் செய்து காட்டுவார். ஒரு உறுமல், உடனே ஆஃப். பந்தல்காரருக்கு ஒரு உறுமல், சமையல்காரருக்கு ஒரு உறுமல், கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்கும் ஒன்று. ஒவ்வொரு உறுமலுக்கும் பேட்டரி கொடுக்கிறது. திரும்ப நிரம்புவதற்கு வண்டி ஓட வேண்டாமா?

மறுபடி படுத்துவிட்ட பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போட எடுத்தபடி, “அண்ணே, தினமும் பூந்தமல்லி வரைக்குமாவது ஓட்டிட்டு வாங்க, இல்லாட்டி கல்யாணத்தன்னிக்குக் கவுத்துடும்” என்றேன். ரோட்டுக்குப் போனால் டயரில் மண் ஒட்டுமாம். முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

“கல்யாணப் பட்டுப்பொடவைய வர்றவங்களுக்குப் பிரிச்சுக் காட்டுவோம், கட்டிக்கினு கடைக்கா போவோம்?”

ராகு காலம்

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. பெருமாள் கோயில் வாசலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். மதியமே பேட்டரியில் முழு சார்ஜ் ஏற்றி மாட்டி, செல்ப்பையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேட்டி மாற்ற வீட்டுக்குப் போனேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

திரும்பி வந்தால், லாரியைச் சுற்றி சீரியல் லைட், மேலே பாட்டுப் பெட்டி. ஆறு மணி வரை ராகு காலம், என்ஜினைக் கிளப்பக்கூடாது. ஆனால் லைட்டுக்கும் பாட்டுக்கும் ராகு காலம் கிடையாதாம். எல்லாவற்றையும் லாரி பேட்டரியிலேயே இழுத்துக் கொடுத்திருந்தார்கள். லைட்டெல்லாம் மஞ்சள் காமாலை கண்டு கிடந்தது.

மணி ஆறானது. மாப்பிள்ளை ஏறினார். தேங்காய் உடைத்து, தணிகாசலம் சாவியைத் திருப்பினார். ‘டக்’கூட வரவில்லை. மேளக்காரரும் நிறுத்திவிட்டார். தணிகாசலம் கீழே இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சம்பந்தியை நோக்கி நடந்தார். எத்தனையோ திட்டியிருக்கிறேன், அந்த நிமிஷம் அந்த மனிதரைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் குனிவதற்குள் சம்பந்தி தோளைப் பிடித்து நிறுத்தினார். “வுழறதெல்லாம் அப்பால பாத்துக்கலாம், வந்து கைய வெய்யி” என்று பட்டுவேட்டியை மடித்துக் கட்டினார். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் வந்து லாரியின் பின்னால் கை வைத்தார்கள். நான் ஏறி உட்கார்ந்து, அவர்கள் தள்ளத் தள்ள செகண்ட் கியர் போட்டேன். லாரி இரண்டு தும்மல் தும்மி, அத்தனை பட்டுவேட்டியிலும் கரும்புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பியது. விசில் பறந்தது. மண்டபம் வரைக்கும் சம்பந்தி, கறுத்துப்போன கைகளைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டே வந்தார். திறந்த காரைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

மண்டபத்து வாசலில் இறங்கியதும், மறுவீட்டுக்குப் போவதற்குள் செல்ப் எடுக்கும்படி செய்துவிடுகிறேன் என்று சம்பந்தியிடம் பணிவாகச் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்! தணிகாசலத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

“மறுவீட்டுக்கும் இதே லாரிதான் சம்பந்தி, ஆனா இந்தாளு அந்த செல்ப்புல கை வெக்கக்கூடாது, எங்க ஆளுங்க தள்ளுவாங்க!”

என் கைபட்ட செல்ப்புகளிலேயே ஒரு ஊரை மெச்ச வைத்தது, அன்றைக்கு எடுக்காமல் போன அந்த ஒன்றுதான்.