ஒரே நிறத்து மகரந்தம்

எண்ணூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னே சவுக்குத் தோப்பு. அதன் ஓரத்தில் அண்ணனின் தேனீப் பெட்டி. கப்பல் வேலைக்குப் புறப்பட்ட அன்று, "நான் வர்ற வரைக்கும் இது உன் பொறுப்பு. சாகவுட்டுடாத" என்று சொல்லிச் சென்றார். கல்லூரிச் சொற்போரில் கோப்பை வென்றவள் நான். ஒரு பெட்டியைக் காப்பது பெரிதோ என்று தலையசைத்தேன்.

மாசியில் சவுக்கு பூத்தது. தேனீக்கள் கால்களில் மகரந்த உருண்டைகளோடு ஓயாது வந்திறங்கின. அடையின் அறைகள் நிரம்பின. ஆயினும் கூட்டம் மெலிந்தது. தேனீக்கள் புழுக்களுக்கு ஊட்டும் பால் வற்றி, அவை கிடந்த இடத்திலேயே உலர்ந்தன.

பக்கத்து வீட்டில் மீன் விற்கும் அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, மூட்ட மூட்டயா சரக்கு எறங்குது, புள்ளைங்க மட்டும் நோஞ்சானா கீது?"

"சாப்பாடு நிறைய இருக்குக்கா. காரணம் வேற" என்றேன் மேடைக் குரலில்.

"அல்லாம் செத்தப்பறம் உங்கண்ணங்கிட்ட இதே கொரல்ல சொல்லு."

அன்று மாலை அடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். எல்லா அறைகளிலும் ஒரே வெளிர்மஞ்சள். ஒரு சான்றைப் பத்து முறை சொன்னால் அது பத்துச் சான்றாகிவிடாது என்பது எங்கள் சொற்போர்ப் பயிற்சியின் முதல் விதி. வந்த மகரந்தத்தின் அளவைப் பார்த்தேனே அன்றி, எந்தச் செடியினது என்று நான் கேட்கவில்லை. சவுக்கு, காற்றை நம்பித் தூளை இறைக்கும் மரம். அத்தூளில் சத்துக் குறைவு என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன். பெட்டியை இடம் மாற்ற அன்று ஐயமே போதுமானதாயிற்று. அந்த மணலில் வேறு பூ இல்லை.

திருவொற்றியூரில் என் தோழி வீட்டுத் தோட்டத்தில் முருங்கையும் பூசணியும் எள்ளும் பூத்திருந்தன. மறுநாள் விடியலில் பெட்டியின் வாயைப் புல்லால் அடைத்து, துணி சுற்றி, தினமும் அங்கே மீன் விற்கப் போகும் அக்காவோடும் அவர் கூடைகளோடும் ரயிலேறினேன்.

"இன்னாது அது?" என்றார் எதிரே அமர்ந்திருந்த ஆலைத் தொழிலாளி.

"புத்தகம்."

"பொஸ்தகம் இன்னாத்துக்கு மொணமொணக்குது?"

துணியை இன்னும் இழுத்து மூடினேன். அக்கா முந்திக்கொண்டார்: "மேடயில பேசற பொண்ணு பொஸ்தகம் நைனா, சும்மா கெடக்குமா?" சுற்றியிருந்தோர் சிரித்ததில் பேச்சு அடங்கிற்று.

மாதம் திரும்புவதற்குள் அறைகள் நிறம் மாறின: பூசணியின் செம்மஞ்சள், எள்ளின் வெண்மை, முருங்கையின் மங்கிய வெளிறல். புழுக்கள் பாலில் மிதந்தன. கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்த அக்கா, "இப்பதான் புள்ளைங்க மாரி கீது" என்றார்.

ஆனியில் அண்ணன் திரும்பி, என்னோடு நேரே தோழி வீட்டுத் தோட்டத்துக்கு வந்து மூடியைத் திறந்தார். குப்பென்று எழுந்த கூட்டத்தில் ஒன்று அவர் புருவத்தில் கொட்டியது.

"நல்லாத்தான் வளத்திருக்க!" என்று வீங்கிய இடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

அந்த வீக்கம் எனக்குத் தந்த நிம்மதியை எந்தக் கோப்பையும் தந்ததில்லை.