கொட்டச்சேட்டுக் காப்பிக் காட்டில் என் ஷாக் அப்சார்பருக்கு ஒரு பரீட்சை

ஏப்ரல் முதல் சனி, ஞாயிறு ஏற்காட்டு மலைக்குப் போய் வந்தோம். படகுச் சவாரி, பூங்கா, வியூ பாயிண்ட் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், ஏரிப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் ஏடிவிக்குப் புதிதாகப் போட்ட ஷாக் அப்சார்பர்களைச் சோதிக்கத்தான் போனேன். இன்னும் சரியாகச் சொன்னால், வண்டி என்னிடமே இருக்குமா, விலைக்குப் போகுமா என்பது அந்த இரண்டு நாளில் முடிவாக வேண்டியிருந்தது.

ஏடிவி என்றால் தடித்த டயர் போட்ட நாலு சக்கர பைக். என்னுடையது ஒருவர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட் ரகம். பேங்க் கவுண்டர் நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து என் இடுப்பு ஏற்கெனவே பஞ்சர். போன வருஷம் இதே மலையில் ஓட்டிவிட்டு வந்து கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தேன். அப்போது என் வீட்டுக்காரர் ரகு போட்ட நிபந்தனை இது: "இன்னொரு தடவ இடுப்பப் புடிச்சுட்டு வந்து எறங்குனா வண்டிய வித்தர்றோம். அப்பறம் அழக் கூடாது." வாங்குவதற்கு ஆளும் ரெடி. ஒரு விடுதிக்காரர், டூரிஸ்டுகளுக்கு ரவுண்டு விட வேண்டுமாம். என் வண்டியில் கண்டவனும் செல்பி எடுப்பதை நினைத்தாலே வயிறு எரிந்தது.

யோசித்துப் பார்த்ததில் குற்றம் வண்டியிலும் இல்லை, முழுக்க என் இடுப்பிலும் இல்லை. கம்பெனி போட்டு அனுப்பும் ஸ்பிரிங் கனத்த ஆளுக்கானது. நானோ ஐம்பத்திரண்டு கிலோ. நான் ஏறி உட்கார்ந்தால் அந்த ஸ்பிரிங்குக்கு ஒரு ஆள் ஏறியதே தெரியாது. அப்புறம் அது ஏன் மடங்கும்? கல்லில் ஏறினால் கல்லின் அடி நேராக என் முதுகுக்கு வந்துவிடும். அதனால் என் எடைக்கு ஏற்ற மெல்லிய ஸ்பிரிங்கோடு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று புது ஷாக் வரவழைத்தேன். விலையைக் கேட்காதீர்கள், இவர் இந்த பிளாகைப் படிக்கிறார்.

வீட்டிலேயே என் எடைக்கு அளந்து வைத்துவிட்டேன். ஸ்பிரிங்கின் தலையில் மரை போட்ட ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகிக் கீழே இறக்கினால் ஸ்பிரிங் இறுகும், மேலே ஏற்றினால் இளகும். வளையம் நின்ற இடத்தில் மூன்று ஷாக்கிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். "ஷாக்குக்கும் மேக்கப்பா?" என்று இவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏடிவியை ரோட்டில் ஓட்டக் கூடாது. சனிக்கிழமை சேலத்திலிருந்து மினி லாரியில் ஏற்றி, குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு போனோம். அங்கே இவருடைய சித்தப்பா மகனுக்குக் காப்பி எஸ்டேட் இருக்கிறது. ஓட்ட அனுமதி கொடுத்த அவர், எங்களைப் பார்த்துக்கொள்ளப் பழனிச்சாமி அண்ணனையும் ஏற்பாடு செய்திருந்தார். அண்ணன் மஞ்சக்குட்டைப் பக்கம் சொந்த ஜீப்பில் ஷேர் சவாரி அடிப்பவர். எஸ்டேட்டின் காப்பி மூட்டை இறங்குவதும் அவர் ஜீப்பில்தான். வண்டியை இறக்கும்போதே சீட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். அது அமுங்கியதும் அவர் முகமும் சுருங்கியது. "என்னுங்க அம்மிணி, இது நொம்ப நைஞ்சு கெடக்குது?" என்றார். "அப்படித்தாண்ணா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். டூல் பாக்ஸ் எஸ்டேட் ஷெட்டிலேயே இரவெல்லாம் திறந்து கிடந்தது.

ஞாயிறு காலை ஏழு மணி. பத்து நாள் முன்பு பெய்த மழையில் காப்பி பூத்து, மேடெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மல்லிகையா காப்பியா என்று தெரியாத அப்படி ஒரு வாசம். ஹெல்மெட், முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எஸ்டேட் ஷெட்டிலிருந்து முகடு வரை மூன்று கிலோமீட்டர் ஜீப் தடம். செம்மண், நடுவே துருத்திய கல், மழை அறுத்த பள்ளம்.

முதல் கல்லிலேயே தூக்கிப் போட்டது. இரண்டாவதில் பல் அடித்துக்கொண்டது. பாதி வழிகூடப் போகவில்லை, இடுப்பில் அந்தப் பழைய சுள்ளென்ற வலி 'நான் வரட்டுமா' என்று கேட்டது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. இவ்வளவு காசைக் கொட்டி, இவ்வளவு அளந்து, கடைசியில் பழைய ஷாக்கை விட இது மோசமா? வண்டியைத் திருப்பி நடைவேகத்தில் ஷெட்டுக்கு வந்தேன். இவர் விடுதிக்காரரின் நம்பரைத் தேடப் போனைக் கையில் எடுத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எதையாவது திட்ட வேண்டுமே என்று ஷாக்கைத் திட்டக் குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன். என் சிவப்புக் கோடு மேலே தனியாக நிற்கிறது, வளையம் அதைவிட்டு நன்றாகக் கீழே இறங்கியிருக்கிறது. மூன்றிலும் அப்படியே.

"யாரு இதுல கை வெச்சது?" என்று போட்ட கத்தலில் மிளகுக் கொடியில் இருந்த குருவியெல்லாம் பறந்தது.

பழனிச்சாமி அண்ணன் சிரித்த முகமாக வந்தார். "நாந்தானுங்க. வெடியால வந்து மூணையும் நல்லா முறுக்கி உட்டனுங்க. இப்ப அமுத்திப் பாருங்க, கல்லாட்டம் நிக்கும்."

"ஏண்ணா? ஏன்?"

"ஏனுங்க, மலைக்குக் கொண்டாற வண்டி அப்பிடித் தொவண்டு கெடந்தா ஆகுமுங்களா? நாங்கெல்லாம் புது ஜீப்பு வாங்குனா சாமி கும்புட்ட கையோட ஒரு பட்டை சேர்த்துப் போட்டுருவமுங்க. இல்லீன்னா இருவது ஆளும் மூட்டையும் ஏறுனா அடி தட்டுமுங்க."

மலையில் இதுதான் வழக்கம். ஜீப் வாங்கியதும் பட்டை ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்ப்பார்கள். அவர் பாரத்துக்கு அது நூற்றுக்கு நூறு சரி. என் வண்டி ஏற்றப்போகும் பாரம் நான் ஒருத்திதான் என்பது அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை. விடியற்காலையில் எழுந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எனக்கு உபகாரம் செய்திருக்கிறார். எப்படித் திட்டுவது? கோபம் பாதியிலேயே சிரிப்பாக மாறிவிட்டது. ரகுதான் முதலில் சிரித்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

"அண்ணா, இதுல நான் மட்டுந்தான் போவேன். மூட்டையெல்லாம் ஏத்த மாட்டேன்" என்றேன். "அட, அப்பச் செரீங்க" என்று ஸ்பேனரை அவரே எடுத்து வந்தார்.

மூன்று வளையத்தையும் கோட்டுக்கே கொண்டுவந்தோம். அப்புறம் சரிபார்த்தோம். ஹெல்மெட்டோடு நான் ஏறி உட்கார, அண்ணன் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ள, இவர் டேப் வைத்து அளந்தார். சக்கரம் மொத்தம் எவ்வளவு மேலும் கீழும் போகுமோ, அதில் மூன்றில் ஒரு பங்கு நம் எடைக்கே இறங்கியிருக்க வேண்டும். சரியாக இருந்தது. ஷாக்கின் அடியில் ரீபவுண்ட் திருகு என்று ஒன்று உண்டு. அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். பின் ஷாக் கொஞ்சம் துள்ளியதால் அதை இரண்டு 'டிக்' மட்டும் கூட்டினேன்.

மறுபடி கிளம்பினேன். அதே கல். சக்கரம் ஏறியது, இறங்கியது, நான் இருந்த இடத்தில் இருந்தேன். அடுத்த பள்ளத்தில் கொஞ்சம் வேகம் கொடுத்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை! ஹெல்மெட்டுக்குள் "ஐயோ ஐயோ" என்று நானே கத்திக்கொண்டு போனேன், எல்லாம் சந்தோஷத்தில்தான். சவுக்கு மாதிரி நிமிர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வளைந்து ஏறி, முகட்டில் போய் நிறுத்தினால் எதிரே தலைச்சோலைப் பக்கத்து மலை மேகத்துக்குள் பாதி மூழ்கிக் கிடந்தது. குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன். வலி இல்லை. இன்னொரு காலிலும் அவிழ்த்துக் கட்டினேன். அன்று மதியம் வரை அந்தத் தடத்தில் ஐந்து முறை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு முறையும் ஷெட்டில் இவர் முன்னால் நின்று, வேண்டுமென்றே குனிந்து நிமிர்ந்து காட்டினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. எஸ்டேட் தடம் தனியார் இடம், அனுமதி இல்லாமல் போகாதீர்கள். பழம் பறிக்கும் மாதங்களில் தடமெல்லாம் வேலையாட்கள் இருப்பார்கள், அப்போது வேண்டாம். மினி லாரிக்குப் போகவர ஆறாயிரம் கொடுத்தேன், பேரம் பேசினால் குறையலாம். ஷாக் வாங்குமுன் உங்கள் எடையைச் சொல்லி ஸ்பிரிங் கேளுங்கள், கவசம் எல்லாம் மாட்டிய எடையை. ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது. டயரில் காற்று அதிகம் இருந்தால் எந்த ஷாக்கும் பிரயோஜனம் இல்லை. நெயில் பாலிஷ் கட்டாயம். டூல் பாக்ஸைப் பூட்டி வையுங்கள்.

திரும்பும்போது மினி லாரிக்காரர் தன்னோடு இன்னொரு ஆளைக் கூட்டி வந்துவிட்டார், கேபினில் எங்களுக்கு இடமில்லை. "என்ற ஜீப்புல கொண்டுபோய் ஊட்டுலயே எறக்கி உட்டர்றனுங்க" என்றார் பழனிச்சாமி அண்ணன். பட்டை சேர்த்த ஜீப், காலியாக, நாங்கள் மூன்றே பேர். குப்பனூர் வளைவுகளில் நாங்கள் சீட்டில் இருந்த நேரத்தைவிட காற்றில் இருந்த நேரம்தான் அதிகம். சேலத்தில் வீட்டு வாசலில் இறங்கும்போது, என்ன சொல்ல, இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் இறங்கினேன்.

நிபந்தனை ஞாபகம் வந்து பகீரென்றது. மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்தேன். அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜீப் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"பேசுனது பேசுனதுதான். இடுப்ப ஒடைச்ச வண்டிய வித்தே ஆகணும்" என்றார் முனகிக்கொண்டே. "அண்ணா, உங்க ஜீப்ப என்ன வெலைக்குக் குடுக்கறீங்க?"

பழனிச்சாமி அண்ணன் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் எதுக்குங்க? அடுத்த தடவ இன்னொரு பதினேழு பேரக் கூட்டியாருங்க. மெத்தையாட்டம் போகுமுங்க."