மூன்று பூச்சு

நடைபாலத்தின் கைப்பிடிக் கம்பிகளுக்குப் பதினோரு வருடமாகப் பச்சை அடிப்பவர் இந்தப் பெயிண்டர். பாலத்துக் கல்வெட்டில் இருப்பதோ காண்ட்ராக்டர் பெயர். அந்த மகராசன் ஒரு நாளும் பிரஷ்ஷைத் தொட்டதில்லை.

ஒரு வருடம் கம்பியின் அடிப்பக்கத்தைத் துடைத்தபோது, காந்தம் வைத்த சின்ன டப்பா ஒன்று கையோடு வந்தது. உள்ளே சுருட்டிய காகிதம். 'இது தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. போனில் இடம் பார்த்து வருவோம், பெயர் எழுதிவிட்டு அங்கேயே வைப்போம். தற்செயலாகக் கண்டவரே, வணக்கம், நீங்களும் எழுதலாம்' என்றிருந்தது. கீழே வரிசையாகப் பெயர்கள்.

பெயிண்டருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. 'நானும் கண்டேன். பாலத்துக்குப் பெயிண்ட் அடிப்பவன்' என்று எழுதி, பூச்சு காய்ந்ததும் டப்பாவை அதே இடத்தில் வைத்தார். வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

மறுவருடம் ஆசையாகத் திறந்தார். அவர் வரியை மட்டும் யாரோ கோடு போட்டு அடித்திருந்தார்கள். பக்கத்தில், 'வேலைக்காரர்கள் கை வைக்கிறார்கள், உஷார்.'

டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். அதன்மேல் ஒன்றுக்கு மூன்று பூச்சு பச்சை அடித்தார். அது கம்பியோடு கம்பியாகிப் போனது.

இரண்டு நாள் கழித்து ஒரு ஜோடி போனும் கையுமாக வந்து, அந்த இடத்தையே தடவித் தடவிப் பார்த்தது. பெயிண்டர் பக்கத்தில்தான் வேலையாக இருந்தார்.

“என்ன தேடுறீங்க?”

“ஒண்ணுமில்லண்ணே, சும்மா.”

“அப்ப கம்பியில கை வைக்காதீங்க” என்றார் பெயிண்டர்.