ஆயிரம் உயிரணுக்களில் ஒன்பது

மாரீஸ்வரன் தம் கன்னத்தின் உட்புறத்தை முதன்முதலாகக் கண்டது நாற்பத்து நான்காம் வயதில்தான். போடிநாயக்கனூரில் ஒரு பள்ளி வகுப்பறையில், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நுண்ணோக்கியின் வழியாகக் கண்டார். கண்டவர் "ஆத்தாடி!" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், பக்கத்து அறையில் கண் பரிசோதனைக்கு நின்ற வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

உண்மையில் அவரும் அந்த வரிசைக்காகத்தான் வந்தவர். இலவசக் கண்ணாடி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தார். வரிசை நீளமாக இருக்கவே, ஆளில்லாத அடுத்த அறைக்குள் நுழைந்தார். அங்கே மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்குழு தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்காகவே காத்திருந்தது. வந்த முதல் ஆள் அவர்தான்.

குரங்கணிச் சாலையோரம் பிறந்து, ஒன்பதாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பதினெட்டு வயதில் ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறியவர் மாரீஸ்வரன். அன்று தொடங்கி இருபத்தாறு ஆண்டுகளாக அவருடைய சோலி மருந்தடிப்பு. பூச்சிமருந்தைப் பேரலில் கரைத்து, நீண்ட ஓஸ் குழாயைத் தோளில் இழுத்துக்கொண்டு, ஏலச்செடிகளுக்கிடையே சரிவில் ஏறியிறங்கித் தெளிக்க வேண்டும். ஓஸின் ஒரு முனை இவர் கையில். மறுமுனையில் பம்பை ஓட்டுபவர் காசிமாயன், முறையில் மைத்துனர். பேரலுக்குள் முழங்கைக்கு மேல் கையை விட்டு மருந்தைக் கலக்குவதில் மாரீஸ்வரனுக்கு ஈடு சொல்ல அந்தச் சரிவில் ஆளில்லை. "குச்சியாலே கலக்கினா அடியில கட்டி நிக்கும். கைக்குத்தான் பதம் தெரியும்" என்பார். கலக்கிய கையை வேட்டியில் துடைத்துவிட்டு, புகையிலையை எடுத்து இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார்.

முகாமிலிருந்த மருத்துவர் வித்யா முப்பதைத் தாண்டாதவர். ஒரு படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணே, எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா?"

"ஒருக்கா. ஜீப்புலேருந்து விழுந்து கால் பிசகினப்ப."

"பெரிய வைரஸ் காய்ச்சல், மஞ்சக்காமாலை?"

"இல்ல தாயி."

"பூச்சிமருந்து எத்தனை வருஷமா?"

"அதைக் கேக்காதீக. நானே பாதி மருந்துதான்."

பின்னால் வந்து நின்ற காசிமாயன் சிரித்தார். "அதான் டாக்டரம்மா, இவனைக் கொசு கடிக்கிறதில்ல."

வித்யா தட்டையான மரக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். மாரீஸ்வரன் குனிந்து பார்த்தார். தோசைபோல் பரந்த உயிரணுக்கள்; ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலப் பொட்டாக ஓர் உட்கரு. அப்போதுதான் அந்த "ஆத்தாடி!" எழுந்தது.

"இதெல்லாம் என் வாயிலயா இருந்துச்சு? எல்லாத்துக்கும் நடுவுல ஒரு பொட்டு இருக்கு. இதுக்கு மட்டும் பக்கத்துல இன்னொரு குட்டிப் பொட்டு இருக்கே?"

வித்யா நிமிர்ந்து அமர்ந்தார். மாணவர்களுக்குப் பலமுறை காட்டினாலும் பிடிபடாத ஒன்றை இவர் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார். "அதைத்தான் அண்ணே நாங்க எண்ணிக்கிட்டு இருக்கோம்" என்று விளக்கத் தொடங்கினார். நடுப்பொட்டுக்குள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. உடம்பு எப்படி வளர வேண்டும், வளர்ச்சியை எப்போது நிறுத்த வேண்டும் என்னும் கட்டளைகள் யாவும் அந்த இழையில்தான் உள்ளன. இழை அறுந்து, அறுந்த துணுக்கு உயிரணு இரண்டாகப் பிரியும்போது வெளியே ஒதுங்கிவிட்டால், அது குட்டிப் பொட்டாகத் தெரியும். கதிர்வீச்சு, சில வைரஸ்கள், இரசாயனங்கள் ஆகிய மூன்றுமே அந்த இழைக்குக் கேடு செய்யவல்லவை.

மாரீஸ்வரன் கையை உயர்த்தி நிறுத்தினார். "இருங்க, நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. அந்த இழை எங்க ஓஸ் மாதிரி. ஜீப்பு மேல ஏறினா ஒரே வெட்டா அறுந்துரும். அது கதிரு. மருந்து உள்ளயே தங்கினா ஓஸ் கொஞ்சங் கொஞ்சமா இத்துப்போகும். அது ரசாயனம். வைரஸு என்ன செய்யும்?"

"பம்புகிட்ட உக்காந்துக்கிட்டு, ஓஸ் கிழிஞ்சாலும் நிறுத்த விடாது."

"அட! காசிமாயன் மாதிரி!"

"டேய், என்னைய எதுக்குடா இழுக்கறே?"

"கிழிஞ்ச ஓஸை ஒட்டுப்போட உடம்புல ஆள் இருக்கா?"

"இருக்காங்க. இராத்திரி பகலா ஒட்டுப்போடறாங்க. ஒரு எக்ஸ்ரே செய்யற கிழிசலெல்லாம் அவங்களுக்குப் பெரிசே இல்ல. தினமும் கிழிச்சா எத்தனைதான் ஒட்டுவாங்க? ஒட்டுத் தப்பாப் போய், வளர்றதை நிறுத்தற கட்டளையே கெட்டுப்போனா, அதுதான் புற்றுநோய்க்கு வழி."

மாரீஸ்வரன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பொட்டிபுரத்து மலையைக் குடைஞ்சு என்னமோ துகளைப் பிடிக்கப் போறாங்கன்னு சொன்னாங்களே, அது?"

"நியூட்ரினோவா? அது இப்பவும் உங்களை ஊடுருவிப் போயிக்கிட்டுத்தான் இருக்கு. எதையும் தொடாது. அதுக்குப் பயப்படறீங்க, கன்னத்துல என்ன வச்சிருக்கீங்க, வாயைத் திறங்க பார்ப்போம்."

திறந்தார். வித்யாவின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. இடது கன்னத்தில், புகையிலை அடக்கும் இடத்தில், விரல் நுனியளவு வெண்படலம் இருந்தது. துடைத்தால் போகவில்லை.

அடுத்த வாரம் கல்லூரி மருத்துவமனையில் படலத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். வித்யா முடிவை மறைக்காமல் சொன்னார். அது புற்று அன்று. ஆனால் புற்றை நோக்கிச் செல்லும் பாதையில் முதலடி. துணுக்கில் வைரஸ் இல்லை. ஆயிரம் உயிரணுக்களில் குட்டிப் பொட்டுள்ளவை ஒன்பது. மருந்து, புகையிலை இரண்டையும் தொடாதவர்களிடம் அவர் கண்டது ஒன்றோ இரண்டோ. "இந்த எண்ணிக்கை நோய் இன்னதுன்னு சொல்லாது, அண்ணே. கிழிசல் நடக்குதா, குறையுதான்னு காட்டும். கன்னத்துத் தோல் மூணு வாரத்துக்குள்ள புதுசாயிரும். அதனால நீங்க மாறினா எண்ணிக்கையும் மாறணும். மூணு மாசம் பார்ப்போம். படலம் பரவினா வெட்டி எடுக்கணும். அதுக்கு மேல போனா பாதிக் கன்னமே போயிரும்."

பாதிக் கன்னம் என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி காளீஸ்வரி நாற்காலியில் அமர்ந்துவிட்டார். மாரீஸ்வரனோ எழுந்து நின்றார். "ஒன்பதுதானே? மூணு மாசத்துல ரெண்டாக்கிக் காட்டறேன்."

அந்த மூன்று மாதமும் அவரைப் பார்த்திருக்க வேண்டும்! புகையிலையை ஒரே நாளில் விட்டார். முழங்கை வரையிலான உறை அணிந்தார்; முகமூடி மாட்டினார்; கையால் கலக்குவதை நிறுத்தி, நீண்ட மூங்கிலால் கலக்கினார். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு ஏறும்போதெல்லாம் உயிரணுப் பாடம் நடந்தது. எதையும் எளிதில் பாராட்டாத மலையாள மேஸ்திரியே கேட்டுவிட்டுக் "கொள்ளாமல்லோ!" என்று மெச்சினார். மாரீஸ்வரனின் வற்புறுத்தலால் காளீஸ்வரியும் கர்ப்பப்பை வாயில் புற்றுக்கு வழிசெய்யும் வைரஸ் உண்டா என்னும் சோதனையைச் செய்துகொண்டார். இல்லை என்று வந்தது. காசிமாயன் ஒருவர்தான் மசியவில்லை. "விண்வெளிக்குப் போறவன் கணக்கா உடுத்தியிருக்கான் பாரு" என்று கேலி செய்துவிட்டு, புகையிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார்.

மூன்று மாதம் கழிந்தது. கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் வெள்ளைச் சட்டை அணிந்து சென்றார் மாரீஸ்வரன். எண்ணிக்கை வந்தது: பன்னிரண்டு.

"பன்னெண்டா? மாத்தி எண்ணிட்டீங்க தாயி."

வித்யா, யாருடைய மாதிரி என்று தெரியாத இருவரைக் கொண்டு தனித்தனியே எண்ணச் செய்திருந்தார். இருவரும் பன்னிரண்டே சொன்னார்கள். வெண்படலம் குறையவில்லை, ஓரத்தில் சற்றுத் தடித்தும் இருந்தது. வித்யா பேனாவை மூடினார்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. புகையிலை போடறீங்கதானே?"

மாரீஸ்வரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பேசியவர் காளீஸ்வரி. "அம்மா, அவரு சுருட்டைப் பத்தவச்சாலும் எட்டு வீடு தள்ளி எனக்கு மூக்குல ஏறும். தினமும் வீட்டுக்குள்ள விடறதுக்கு முன்ன வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்துத்தான் விடறேன். புகையிலை வாடையே இல்ல. ஏலக்காய்தான் மணக்குது."

"ஏலக்காயா?"

"ஆமா" என்றார் மாரீஸ்வரன், உற்சாகம் திரும்பியவராய். "புகையிலை நமநமப்பு வந்துச்சுன்னா அதைத்தான் கன்னத்துல அடக்கிக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது ஆகும். பச்சைக்காயா இருந்தாத்தான் காரம் நிக்கும்." வெள்ளைச் சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி பச்சை ஏலக்காயை எடுத்து மேசைமேல் வைத்தார். "நீங்களும் ரெண்டு போடுங்க, தாயி."

வித்யா கையை நீட்டவில்லை. "எங்க பறிச்சீங்க?"

"செடியிலதான்."

"எந்தச் செடியில?"

"நான் நிக்கற செடியில. ஓஸைப் போட்டுட்டுக் குனிஞ்சா..."

வாக்கியம் அங்கேயே நின்றது. உறை, முகமூடி, மூங்கில் யாவும் மருந்தை உடம்புக்கு வெளியே நிறுத்தியிருந்தன. அவரோ, தாம் அடித்த மருந்து ஈரம் காயாத காயை அடித்த இடத்திலேயே பறித்து, வெண்படலத்தின் மேலேயே நாள்முழுவதும் வைத்துக்கொண்டிருந்தார். காளீஸ்வரிதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் பாடம் நடத்துன வாத்தியாரு!"

அழுவதா, சிரிப்பதா என்று விளங்காமல் தவித்த வித்யா, இறுதியில் சிரித்தேவிட்டார். ஆயினும் கறாராகவே சொன்னார்: "இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும். இன்னும் மூணு மாசம். அதுவரைக்கும் மருந்தடிப்பே வேண்டாம். படலம் கொஞ்சம் தடிச்சிருக்கு. இந்தத் தடவை குறையலேன்னா வெட்டத்தான் வேணும்."

அன்று முதல் மாரீஸ்வரன் தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலைக்கு மாறினார். ஏலக்காய் மலைபோல் குவிந்திருக்கும் அறையில், ஒரு காயையும் வாயில் போடாமல், வீட்டில் வறுத்த சோம்பை மென்றபடி நின்றார். ஒவ்வொரு காலையும் கைப்பேசி வெளிச்சத்தில் கண்ணாடி முன் வாயைப் பிளந்து நிற்பார். குறைந்ததா, இல்லையா என்று கணவனும் மனைவியும் வாதாடுவார்கள். கண்களை நம்பாமல், காளீஸ்வரி வாரம் ஒருமுறை படமெடுத்து வைத்தார். எட்டாவது வாரத்துப் படத்தை முதலாவதோடு ஒப்பிட்டபோது இருவரும் வாதாடவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பேசாமலே வேலையைப் பார்க்கப் போனார்கள்.

குறித்த நாள் வந்தது. இம்முறை எண்ணி முடித்த பின்னும் முடிவைச் சொல்லாமல், வித்யா அவரை இருவர் ஒருங்கே பார்க்கும் நுண்ணோக்கியின் முன் அமர்த்தினார். "நீங்களே எண்ணுங்க, அண்ணே."

மாரீஸ்வரன் எண்ணினார். முதல் நூறில் ஒன்றுமில்லை. இருநூற்று நாற்பதில் ஒரு குட்டிப் பொட்டு. "ஒண்ணு" என்று முனகினார். ஐந்நூறு தாண்டியது. அறுநூற்றுச் சொச்சத்தில் இன்னொன்று. "ரெண்டு." காளீஸ்வரி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். எண்ணூறில் மற்றொன்று. அதன்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் கண் ஊன்றி ஊன்றி நகர்ந்தார். தொள்ளாயிரத்து எழுபது, எண்பது, தொண்ணூறு.

"ஆயிரம்! மூணு தாயி, மூணு!"

"எங்களுக்கும் மூணுதான். படலம் கால்வாசிதான் மிச்சம். போன வாரம் எடுத்துப் பார்த்த துணுக்குலயும் கெட்ட மாற்றம் இல்ல. கத்தி வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா கட்டாயம் வந்து காட்டணும்."

எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "ரெண்டாக்கிக் காட்டறேன்னேன், ஒண்ணு கடனா நிக்குது" என்று சிரித்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "தாயி, இந்தப் படலம் எனக்கு ஒருக்காகூட வலிக்கலயே. கண்ணாடி வரிசை சின்னதா இருந்திருந்தா, நான் உங்க அறைக்கே வந்திருக்க மாட்டேன்."

"வலிக்காது அண்ணே. வலிக்கற காலத்துல வந்தா, பெரும்பாலும் தாமதம்தான்."

மறுநாள் காலை, ஆறு மணிக்கு, ஜீப்பு நிற்குமிடத்தில் மலைக்குப் போகும் ஆட்கள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தனர். மாரீஸ்வரன் படிக்கட்டை மறித்து நின்றார். கையில் கைப்பேசி வெளிச்சம். "வாயைக் காட்டிட்டு ஏறுங்க!" சிலர் திட்டினார்கள்; சிலர் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினார்கள்; ஆயினும் வாயைத் திறந்தார்கள். கடைசியாக வந்தவர் காசிமாயன்.

"மாப்ளே, வழியை விடு. வெரசாப் போகணும்."

"ஆ காட்டு."

"எனக்கு ஒண்ணும் இல்லடா. வலியும் இல்ல, எரிச்சலும் இல்ல."

"எனக்கும்தான் இல்ல. காட்டு."

காசிமாயன் அலுத்துக்கொண்டே வாயைப் பிளந்தார். மாரீஸ்வரன் வெளிச்சத்தை இன்னும் அருகில் கொண்டுபோனார். வலது கன்னத்தின் ஆழத்தில், வெண்மையும் சிவப்புமாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஜீப்புக்குள் எட்டி, காசிமாயனின் சோற்றுத்தூக்கை எடுத்தார்; மறுகையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"வா. முதல் பஸ்சு கிளம்பப் போகுது."

"எங்கடா? எதுக்குடா? என்ன தெரிஞ்சுச்சு, சொல்லேன்டா!"

"டாக்டரம்மா சொல்லுவாங்க. நட."

ஓட்டுநர் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். காசிமாயன் இழுபட்டபடியே ஜீப்பைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "டேய், இன்னைக்கு மருந்தடிக்கணும்டா! பம்பை யாருடா ஓட்டறது?"

"பூச்சிக்கு இன்னைக்கு லீவு" என்றார் மாரீஸ்வரன், பிடியை விடாமல்.