மெமரியையும் மரியாதையாகக் கேட்டவள்

பீப்... பீப்... தெருவில் எந்த வண்டி ரிவர்ஸ் எடுத்தாலும் இப்போது எனக்குக் கொழுந்தியாள் ஷீபாவின் முகம்தான் வருகிறது.

போன சனிக்கிழமை குன்னத்துகாலில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேஜை மேல் லேப்டாப். பக்கத்தில், ரப்பர் ஷீட் எடை போடும் மெஷின். அந்த மெஷினைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் எழுதுவது அவள் வேலை. மதியம் மேனேஜர் வீடியோவில் பார்ப்பார்; சொதப்பினால் வேலை வேறு டீமுக்குப் போய்விடும். மெஷினோ சில நேரம் சமர்த்தாக ஓடுகிறது. சில நேரம் ஒரு பீப்... அப்படியே உறைந்து நிற்கிறது!

"என்னவாக்கும் அதுக்கு?" என்றேன்.

"எடை வந்ததும் மெஷின் கூப்பிடும் அத்தான். கம்ப்யூட்டர உள்ள இருந்து நடத்துத கெர்னல், கைவேலைய விட்டுட்டு என் டிரைவரை ஓடி வரச் சொல்லும். எடையைக் குறிச்சு வைக்க டிரைவர் அப்பம் கெர்னல்கிட்ட கொஞ்சம் மெமரி கேக்கணும். ரெண்டு விதமா கேக்கலாம். ஜி.எஃப்.பி. கெர்னல்னா, 'பைய தந்தா போதும், அதுவரை ஒறங்குதேன்.' ஜி.எஃப்.பி. அட்டாமிக்னா, 'இப்பம் தா, இல்லன்னா இல்லன்னு சொல்லு.'"

"நீ எதைப் போட்ட?"

"பைய தந்தா போதும்..."

அடுக்களையிலிருந்து அவள் கணவன் சாம் எட்டிப் பார்த்தான். "ஓடி வந்தவன் அங்க கெடந்து ஒறங்குனா மெஷின் நிக்காம ஆடவா செய்யும்?"

"எடுத்த எடுப்புல 'இப்பம் தா'ன்னு கேப்பாங்களா? ஒரு மரியாதை வேண்டாமா?"

ஆஹா! எங்கள் ஊர்க்காரிக்கு மட்டுமே வரக்கூடிய பிழை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் யார் எதை நேராகக் கேட்டிருக்கிறோம்? ஏணி இரவல் வாங்கப் போனால் மழையில் தொடங்கி, மருமகள் பிரசவத்தைச் சுற்றி, படியிறங்கும்போதுதானே "அந்த ஏணி சும்மாவா கெடக்கு?" என்போம்! எதிராளியும் 'இல்லை' என்பாரா? "பாப்பம்" என்பார். இந்த நாகரிகமெல்லாம் கெர்னலுக்கு எங்கே தெரியும்?

ஷீபா பல்லைக் கடித்துக்கொண்டு அட்டாமிக் என்று மாற்றினாள். 'இல்லை' என்று பதில் வந்தால் முகம் வாடாமல் மறுபடி எடை எடுக்க இன்னும் சில வரிகள்.

மேனேஜர் வீடியோவில் வந்தார். ஷீட் — பீப். ஷீட் — பீப். உறையவே இல்லை. வேலை அவள் கையிலேயே தங்கியது.

நான் கிளம்பினேன். அடுக்களையில் நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"உண்டிட்டுப் போலாம் அத்தான்."

"வேண்டாம் மக்கா, இருக்கட்டும்" என்றேன். இன்னும் ரெண்டு தடவை வற்புறுத்துவாள், பிறகு உட்காரலாம் — அதுதானே முறை?

"வேண்டாம்னா இல்லன்னுதானே? செரி, பெய்ட்டு வாருங்க!"